நான் நிமிர்த்திய பொம்மை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தம்பி மகள். அவள்தான் பொம்மைகளை அசைத்துப் படம் எடுப்பவள், அன்று எடுத்த படமே அவளுடையது. கேமராக்காரர். பொம்மைகளுக்கு உடை தைக்கும் தையல்காரம்மா. என் தங்கை. நான். மேசைமேல் நின்ற பொம்மையையும் சேர்த்தால் ஆறு. சேர்க்கத்தான் வேண்டும், நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. வேறு யாரும் அங்கே இல்லை. "நானும் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்" என்று தொடங்கி யாராவது இந்தக் கதையைச் சொன்னால், அவர் நிற்கவில்லை.

எங்களுக்குத் தெருவில் 'கம்பி வீட்டுக்காரர்கள்' என்று பெயர். எங்கள் அப்பாவின் நடையைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. அவர் கிண்டலை விருதாக எடுத்துக்கொண்டார். சாப்பிட உட்காரும்போது யாருடைய முதுகாவது வளைந்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு குத்து விழும். கூடவே ஒரு சொல்: "முதுகு!" நானும் அதே சொல்லை என் தம்பியிடம் சொன்னேன், பிறகு அவன் பிள்ளைகளிடம் சொன்னேன்.

நான் பார்த்த உத்தியோகமும் அப்படி. கட்டடங்களுக்குச் சான்று கொடுக்கும் அலுவலகம். தூக்குக்குண்டும் ரசமட்டமுமாக நடப்பேன். சுவர் நூலளவு சாய்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் போகிற வீடுகளில் கோணலாகத் தொங்கும் படங்களை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். அதை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. "வாழ்க்கையில நான் யார்கிட்டயும் குனிஞ்சது கிடையாது" என்று உறவினர் கூடும் இடங்களில் சொல்வதுண்டு.

"அப்ப குனியல. இப்ப குனிய முடியல. ரெண்டையும் ஒண்ணா சேத்துச் சொல்லாதீங்கண்ணா" என்று காதருகே வந்து சொல்வாள் என் தங்கை. அவளுக்கு வாய் அதிகம்.

தம்பி மகள் செய்கிற வேலையைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் "கம்ப்யூட்டர் துறை" என்று சொல்லி வந்தேன். முப்பது வயது தாண்டிய பெண், படித்த பெண், பொம்மைக்குக் கை தூக்கிவிட்டுக் கால் நகர்த்திக்கொண்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? ஒருநாள் நான் இப்படிச் சொல்வதை அவளே கேட்டுவிட்டாள்.

"கம்ப்யூட்டர் இல்ல பெரியப்பா. எல்லாம் கையாலதான். கம்ப்யூட்டர் சும்மா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்குது."

"அத விளக்கிக்கிட்டு இருக்க முடியாதும்மா. கம்ப்யூட்டர்னா கேக்கறவங்க வாய மூடிக்கறாங்க."

அவள் சிரித்தாள். கோபப்பட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தாள். "பெரியப்பா, ஒரு உதவி. நீங்க நாற்காலியிலேர்ந்து எழுந்திரிக்கறத நான் பாக்கணும்."

"எதுக்கு?"

"என் படத்துல ஒரு பெரியவர் இருக்கார். நேரா உக்காருவார், நேரா எழுந்திரிப்பார். உங்கள மாதிரி எழுந்திரிக்கிற ஆள் ஊருலயே இல்ல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னேன். தங்கை தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். "அண்ணன் நடிகர் ஆகறத நான் பாக்க வேண்டாமா?"

தம்பி மகள் வேலை செய்யும் இடம் முன்பு டயர் கிடங்காக இருந்ததாம். ரப்பர் வாடை இன்னும் சுவரில் இருந்தது. முன்பக்கம் ஒரு சின்ன அறை: டீ போடும் அடுப்பு, நாற்காலிகள், தையல் இயந்திரம். உள்ளே பெரிய அறை. சன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மேசை, அசையாதபடி தரையோடு முடுக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு சிறிய வீட்டின் கூடம். சிறிய நாற்காலி, சிறிய கதவு, சுவரில் சிறிய கடிகாரம். என் கண் முதலில் சுவரின் விளிம்பைத்தான் பார்த்தது. நேராக இருந்தது. எனக்குத் திருப்தி.

வாசலிலேயே கேமராக்காரர் என்னை நிறுத்தினார். மெலிந்த மனிதர், பேசும்போதும் மேசையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

"சார், வெள்ளைச் சட்டை உள்ள வரக்கூடாது."

"என்னது?"

"வெளிச்சத்த அள்ளிப் பொம்மை மூஞ்சில வீசிடும். நீங்க இந்தப் பக்கம் நகர்ந்தா அதுக்கு ஒரு கன்னம் வெளுக்கும்."

என் சட்டையைக் குறை சொல்லி என்னை யாரும் வாசலில் நிறுத்தியதில்லை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கறுப்பு அங்கியைக் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். அதன் கை எனக்குக் குட்டை. மணிக்கட்டில் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தது. தையல்காரம்மா அதைப் பார்த்து, "கைய பின்னாடி கட்டிக்குங்க ஐயா, சரியாயிடும்" என்றார். நான் எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். அந்தம்மா மீது நல்ல எண்ணம் உண்டாயிற்று.

பிறகு பொம்மையைப் பார்த்தேன்.

ஒரு சாண் உயரம். நரைத்த கிராப்பு. நெற்றியில் எனக்கு இருக்கும் அதே மூன்று கோடு. கைக்கடிகாரத்தை எங்கள் வீட்டு ஆண்கள் மணிக்கட்டின் உள்பக்கமாகத்தான் கட்டுவோம். அதற்கும் உள்பக்கம் ஒரு கடுகளவு கடிகாரம் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தபோது தலையைக் கொஞ்சம் தாழ்த்தி எதையோ படிப்பது போல நின்றது.

"மூக்கு கொஞ்சம் பெருசா இருக்கே" என்றேன்.

"இல்லண்ணா, அளவு சரியாத்தான் இருக்கு" என்றாள் தங்கை.

தம்பி மகள் விளக்கினாள். உள்ளே முறுக்கிய கம்பி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் துணி. கால் நழுவாமல் இருக்க மேசைக்கு அடியிலிருந்து திருகு. கண்மணியை ஊசி முனையால் தள்ள வேண்டும். வாய்கள் ஒரு பெட்டியில் தனித்தனியாக இருந்தன: மூடிய வாய், பாதி திறந்த வாய், பல்லைக் கடித்த வாய். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்துவாள், கையை எடுப்பாள், கேமரா ஒரு படம் எடுக்கும். மறுபடி ஒரு மயிரிழை. ஒரு விநாடி ஓடுவதற்குப் பன்னிரண்டு தடவை. அது ஒரு பெருமூச்சு விடுவதற்கு இவர்களுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும்.

"கம்பிக்கும் களைப்பு உண்டு பெரியப்பா. ஒரே பக்கமா மெதுவா வளைச்சா தாங்கும். வளைச்சத திருப்பி நிமித்தினா டக்குனு உள்ளயே போயிடும்."

இதை அவள் என்னிடம் சொன்னாள். நான் தலையாட்டினேன். பிறகு தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

முன்பே எடுத்து முடித்த ஒரு துண்டைத் திரையில் ஓட்டிக் காட்டினாள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கதவைப் பார்க்கிறார். யாரும் வரவில்லை. மூச்சு விடுகிறார். அவ்வளவுதான். கம்பியும் பஞ்சும் என்று இப்போதுதான் கேட்டேன். இருந்தாலும் அந்த மார்பு ஏறி இறங்கியபோது என் மார்பும் கூடவே இறங்கியது. யார் வரவில்லை என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது.

அதைக் காட்டிக்கொள்ளாமல், "சட்டை நடுங்குது, கவனிச்சியா? தப்பு" என்றேன்.

"தப்பில்ல பெரியப்பா. ஒவ்வொரு தடவையும் என் விரல் படுது, சட்டை கொஞ்சம் கலையுது. அதான் நடுங்குற மாதிரி தெரியுது. மறைக்கலாம். மறைக்க மாட்டோம்."

"ஏன்?"

"யாரோ இத தொட்டுக்கிட்டே இருந்திருக்காங்கன்னு பாக்கறவங்க மனசுக்குத் தெரியும். அதுக்குத்தான் இந்த மாதிரி படத்துக்கு ஜனம் வருது. இல்லேன்னா பொம்மைய யார் பாப்பாங்க?"

நாற்காலியைப் போட்டார்கள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன். அவள் கைபேசியில் பதிந்தாள். மறுபடி உட்கார்ந்தேன், எழுந்தேன். "பிரமாதம் பெரியப்பா. இன்னொரு தடவை." முழங்கால் முனகியது, நான் முனகவில்லை.

முடிந்ததும் கதையைக் கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"பெரியவர் சட்டையிலேர்ந்து ஒரு பொத்தான் கழண்டு விழுது. அவர் எடுக்க மாட்டார். குனியறது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பொத்தான் தரையிலயே கிடக்கு. வீட்டுக்கு வர்றவங்க, போறவங்க எல்லாரும் அதத் தாண்டித் தாண்டிப் போறாங்க. கடைசில..."

"கடைசில?"

"குனிஞ்சு எடுக்கறார்."

"யாருக்காக?"

"யாருக்கும் இல்ல. பொத்தானுக்குத்தான்."

தங்கை சிரித்தே விட்டாள். நான் மேசையைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்து பார்த்தேன். அது எதையும் படித்துக்கொண்டிருக்கவில்லை. முதுகு வளைந்திருந்தது. என் நெற்றி, என் மூக்கு, எங்கள் வீட்டுக் கடிகாரம் எல்லாவற்றோடும் அது பாதி குனிந்து நின்றது. அவள் பல நாளாக மயிரிழை மயிரிழையாக அதைக் குனிய வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது எடுத்துக் குடுக்கலாமே" என்றேன். "பேத்தி யாராவது."

"அப்ப படம் எதுக்கு பெரியப்பா?"

"முகத்தையாவது மாத்தலாம்."

"இது படத்தோட கடைசி ஷாட், இதுவும் எழுந்திரிக்கறதும்தான் பாக்கி. இந்த வாரத்துக்குள்ள படவிழாவுக்கு அனுப்பணும். இது தவறினா அடுத்த வருஷம்தான்."

அந்தச் சமயத்தில் பொம்மையின் காலரில் ஒரு நூல் பிரிந்திருப்பதைத் தையல்காரம்மா கவனித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தையல் போட்டார். கேமராக்காரர் பல்லைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை ஊசிய முதுகுலயே விட்டுட்டுப் போனீங்க. பளபளன்னு தெரிஞ்சு அந்த ஷாட்டே போச்சு. இந்த ஷாட்டும் உங்களால போச்சுன்னா, நான் வேற ஆள் பாக்கச் சொல்லிடுவேன். சொல்லிட்டேன்."

"ஆயிரம் தையல் போட்டேன், அது உங்க கண்ணுக்குத் தெரியல. ஒரு ஊசி தெரிஞ்சிடுச்சு" என்றார் அந்தம்மா. ஆனால் கை நடுங்காமல் நூலை வெட்டினார்.

டீ குடிக்க எல்லாரும் முன் அறைக்குப் போனார்கள். உள்ளே தண்ணீர் கூடக் கொண்டுவரக் கூடாதாம். முழங்காலுக்கு ஓய்வு வேண்டும், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று நான் அங்கேயே இருந்தேன்.

அது எனக்கு எதிரில் குனிந்து நின்றது.

நான் நினைத்ததை நினைத்தபடியே எழுதுகிறேன். உறவினர் எல்லாரும் இதைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அலுவலகத்தில் என்னிடம் கையெழுத்துக் கிடைக்காமல் திரும்பிப் போன ஒப்பந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். உடைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் நிமிர்த்தலாம், குனிவது குனியட்டும், இவ்வளவு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சாய்ந்த படத்தை நேராக்குவதுபோல.

எழுந்தேன். மேசை தாழ்வானது. குனிய வேண்டும், எனக்குக் குனிய ஒரு பிடி வேண்டும். வீட்டில் யாரும் பார்க்காதபோது சுவரைப் பிடித்துக்கொள்வேன். இங்கே இடது உள்ளங்கையை மேசை ஓரத்தில், கறுப்புத் துணி மூடியிருந்த தட்டையான ஏதோ ஒன்றின்மேல் ஊன்றினேன். வலது கையின் ஒரு விரலைப் பொம்மையின் மார்பிலும் ஒரு விரலை முதுகிலும் வைத்தேன். அழுத்தினேன். தடுமாறி மறுபடி ஊன்றினேன். மறுபடி அழுத்தினேன்.

"முதுகு" என்று வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது.

உள்ளே டக்கென்றது. காய்ந்த ஈர்க்குச்சி ஒடிகிற சத்தம். பொம்மை நிமிர்ந்து நின்றது. கையை ஊன்றி நானும் நிமிர்ந்து பார்த்தேன், ஒரு கணம் நன்றாகவே இருந்தது.

திரும்பினால் வாசலில் தங்கை. எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் கையைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள்.

"அண்ணா, டீ ஆறுது" என்றாள்.

நான் போய் டீ குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

எல்லாரும் உள்ளே திரும்பியபோது முதலில் கத்தியது கேமராக்காரர். "யார் தொட்டது?" தம்பி மகள் ஓடிவந்து ஒரு விரலால் பொம்மையின் தோளைத் தொட்டாள். இடுப்புக்கு மேல் அப்படியே பின்னால் மல்லாந்தது. அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் என்னிடம் குத்து வாங்கினால் அவள் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருந்தது.

கேமராக்காரர் தையல்காரம்மாவிடம் திரும்பினார். "காலர தைக்கும்போது இடுப்பப் பிடிச்சீங்களா?"

"பிடிக்கல."

"பிடிக்காம எப்படி ஒடியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? காலர்ல ஒரு தையல். நீங்கதான் கண்கொத்திப் பாம்பா பாத்துக்கிட்டு நின்னீங்களே."

"டீ நேரத்துல உள்ள வந்து நிமித்திப் பாத்திருக்கீங்க. உங்களுக்குத் தையல் நேரா வரணும்னு நிமித்தியிருக்கீங்க."

நான் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் பேசி முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, எல்லார் முன்னாலும் வேண்டாம், தம்பி மகளிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, வீட்டுப் பெரியவன் தலை இங்கே கவிழ்ந்தால் அது இந்தப் பெண்ணுக்கும் தானே அவமானம் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கோணல் சுவருக்குச் சான்று கேட்டு வருகிறவர்களும் இப்படித்தான் ஒவ்வொரு நியாயமாக எடுத்து வைப்பார்கள். தங்கை என்னையே பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

தையல்காரம்மா கத்தரியையும் நூல்கண்டுகளையும் பையில் போடத் தொடங்கினார். குண்டூசி டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஊசி விட்டது நான்தான், அன்னிக்கே ஒத்துக்கிட்டேன். இது நான் இல்ல. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்." போகத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். "பெரியவர் உள்ளதான் உக்காந்திருந்தார். அவரக் கேளுங்க. நான் மறுபடி உள்ள வந்தேனா, தொட்டேனான்னு அவர் சொல்லட்டும். அவர் முகத்தப் பாத்தாலே தெரியுது, பொய் பேசற ஆள் இல்ல."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கவனிக்கலம்மா" என்றேன்.

இதுவரை எழுதியதில் கடினமான வரி அதுதான்.

தையல்காரம்மா பையைத் தோளில் மாட்டினார். தம்பி மகள் தரையிலிருந்து எழுந்தாள். "இருங்க, எந்தப் படம் வரைக்கும் எடுத்திருக்கோம்னு பாக்கறேன். எங்கேயாவது வெட்டி ஒட்ட முடியுமான்னு..." என்று சொல்லிக்கொண்டே திரையைத் தட்டினாள்.

பெரியவர் நிற்கிறார். தலை தாழ்கிறது. தோள் இறங்குகிறது. முதுகு வளைகிறது, வளைகிறது. திடீரென்று மேசை ஓரத்தில் ஒரு கை ஊன்றியது, வானத்திலிருந்து இன்னொரு பெரிய கை வந்தது. கறுப்பு அங்கியின் கைக்கு வெளியே வெள்ளை விளிம்பு. மணிக்கட்டின் உள்பக்கம் கடிகாரம். இரண்டு விரல் பொம்மையைப் பிடித்தன. அதற்குப் பின்னால் கூடத்தின் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு முகம், 'மு' என்று குவிந்த வாய். பொம்மையின் ஒரு கன்னம் வெளுத்திருந்தது. அப்புறம் கை இல்லை. பெரியவர் நிமிர்ந்து நின்றார்.

கறுப்புத் துணிக்கு அடியில் இருந்தது படம் எடுக்கும் பொத்தான் பலகை. நான் ஊன்றி ஊன்றி அழுத்தியபோதெல்லாம் கேமரா தன் வேலையைச் செய்திருக்கிறது.

அந்த இயந்திரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு துண்டு ஓடி முடிந்தால் தானாகவே முதலிலிருந்து ஓடும், யாராவது நிறுத்தும்வரை. பெரியவர் குனிந்தார், கை வந்தது, நிமிர்ந்தார். குனிந்தார், கை வந்தது, நிமிர்ந்தார். நிறுத்த வேண்டியவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மாதான் முதலில் வாய் திறந்தார். "ஐயா கவனிக்கலன்னாரு. கேமரா கவனிச்சிடுச்சு."

அவர் பையைக் கீழே வைத்த வேகத்தில் கையிலிருந்த டப்பா விழுந்து குண்டூசிகள் தரையெல்லாம் சிதறின. நான் குனியப் போனேன். இனியாவது குனியலாம் என்று போனேன்.

"வேண்டாம். நீங்க எதையும் தொடாதீங்க" என்றார். நூலில் கட்டிய ஒரு காந்தத்தை எடுத்து, நின்றபடியே தரையில் இழுத்து ஊசிகளை வாரிக்கொண்டார். அதற்குக் குனியக் கூட ஆள் தேவைப்படவில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"எனக்குச் சொல்றீங்களா, சுவத்துக்குச் சொல்றீங்களா?"

நான் சுவரைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தேன். திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். கேமராக்காரர் அவரிடம் ஏதோ முணுமுணுத்தார். "உங்களுக்கும் அதே சரிதான்" என்று அவருக்கும் கிடைத்தது.

பொம்மையைக் குப்புறப் படுக்க வைத்து முதுகுத் தையலைப் பிரித்தார்கள். ஒடிந்த கம்பியை உருவி மேசைமேல் வைத்தார்கள். நான் கிளம்ப நினைத்தேன். தங்கை அங்கியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கண்ணா. போனா இன்னும் கேவலம்."

தம்பி மகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். படத்தை நிறுத்தியிருந்தாள் என்று நினைத்தேன். இல்லை. கை வரும் இடத்தை ஒவ்வொரு படமாக முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத அழிச்சிடும்மா" என்றேன்.

"கை முதல்ல போகுது" என்றாள், என்னிடம் இல்லை, கேமராக்காரரிடம்.

"என்ன?"

"பாருங்க. உடம்பு அசையறதுக்கு முன்னாடியே இடது கை மேசைக்குப் போயிடுது. அப்புறம்தான் தோள் இறங்குது. கழுத்து கடைசி வரைக்கும் வளையல. நான் வச்சது அப்படி இல்ல. அது பள்ளிக்கூடப் பையன் பந்து எடுக்கற மாதிரி குனியுது. பெரியவர் இப்படிக் குனிய மாட்டார்."

கேமராக்காரர் பார்த்தார். "ஆமா" என்றார்.

பிறகு அவள் என்னிடம் திரும்பினாள். கோபம் இருந்தது, வேலையும் இருந்தது. "பெரியப்பா, நீங்க குனியறத நான் பாக்கணும்."

தையல்காரம்மா தன் பெட்டியிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்துத் தரையில் போட்டார். நான் மேசையைப் பிடித்துக் குனிந்தேன். என் வீட்டில் கீழே விழுந்த செய்தித்தாளை நான் எடுப்பதில்லை. வேலைக்காரி எடுக்கட்டும் என்று அதிகாரமாகச் சொல்வேன். அதன் காரணத்தை என் தம்பிக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்தேன். இப்போது நாலு பேர் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், வெள்ளை விளிம்பைக் கறுப்பு நாடாவால் சுற்றி மறைத்துக்கொண்டு குனிந்தேன்.

"எடுத்துட்டீங்களா? திரும்பப் போடுங்க. இன்னொரு தடவை."

"இன்னும் கீழ போங்க ஐயா, பொத்தான் அங்க இருக்கு" என்றார் தையல்காரம்மா.

ஊன்றிய கை நடுங்கியது. அதை அவள் தனியாகக் கிட்டத்தில் பதிந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை, என் தங்கைகூட. சிரித்திருந்தால் தேவலை.

அந்த வாரம் படம் அனுப்பப்படவில்லை. புதுக் கம்பி போட்டு, முதலிலிருந்து தொடங்கி, அந்த ஒரு குனிவை எடுத்து முடிப்பதற்குள் விழாவின் நாள் கடந்துவிட்டது. அடுத்த வருடம்தான் போனது. என் இரண்டு விரல் அவளுக்கு ஒரு வருடம் நஷ்டம். அவள் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

படம் காட்டிய அன்று உறவினர் எல்லாரும் வந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பொத்தான் விழுந்தது. எல்லாரும் தாண்டித் தாண்டிப் போனார்கள். கடைசியில் பெரியவர் எழுந்து வந்தார். இடது கை மேசையைத் தேடிப் போயிற்று. சட்டை நடுங்கியது, அவள் விரல் பட்டுப் பட்டு. ஊன்றிய கையும் நடுங்கியது. அது மட்டும் அவள் விரல் பட்டதால் அல்ல. தோள் இறங்கியது. கழுத்து வளையாமல், வளையாமல், கடைசியில் வளைந்தது. எனக்கு முன்னால் இருந்த யாரோ, "பாவம், பெரியவர்" என்றார்கள். என்னை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

வெளியே வந்தால் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு தெரிந்தது. என் தங்கை ஒரு வருடமாக வீடு வீடாகச் சொல்லி வந்திருக்கிறாள். பொம்மை ஒடிந்தபோது பழி அந்தத் தையல்காரம்மா மேல் விழப் பார்த்ததாம். அண்ணன் தானாக முன்னால் வந்து, "அந்தம்மாவ விடுங்க, ஒடிச்சது நான்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். அதுதான் கம்பி வீட்டு வளர்ப்பாம். தம்பியின் சின்ன மகன் இதைக் கேட்டுக் கண் கலங்கினானாம். தையல்காரம்மாவும் அன்று அரங்கின் வாசலில்தான் நின்றார். அவர் காதிலும் விழுந்தது. என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தார். அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கையிடம் வீட்டில் கேட்டேன். "குடும்பத்துப் பேரு கெடக் கூடாதுன்னுதாண்ணா சொன்னேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே" என்றாள்.

அவள் என்மேல் உள்ள பாசத்தால் சொன்னாள். ஆனாலும் அது நடக்கவில்லை. நான் முன்னால் வரவில்லை, எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தம்மா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது கவனிக்கவில்லை என்று சொன்னேன். படத்தில் கை தெரிந்தது.